சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆகுமா?

குற்றம் செய்தவனைத் தண்டித்தல் வேண்டும் என்பதில் நம்மிடையே கருத்து வேற்றுமை இல்லை. யார் தண்டிப்பது, எவ்வளவு தண்டிப்பது, எதற்காகத் தண்டிப்பது, தண்டனை முடிந்தபின் அவனை எங்கே நிறுத்துவது என்னும் வினாக்கள் எழும்போதுதான் கருத்துகள் பிரிகின்றன. இவை வழக்கறிஞர்க்கும் நீதிபதிகட்கும் மட்டுமே உரிய வினாக்கள் என்று நாம் ஒதுங்கிவிட இயலாது. நாள்தோறும் முப்பது நாற்பது குழந்தைகளின் முன் நின்று, இது சரி, இது தவறு என்று கூறும் ஆசிரியனும் ஒரு சிறு நீதிமன்றத்தை நடத்துபவனே. அந்த நீதிமன்றத்தில் நான் ஒருமுறை தவறிய கதையைக் கூறிவிட்டு, பெரிய நீதிமன்றங்களைப் பற்றி அறிஞர்கள் கூறுவனவற்றை ஆராய விரும்புகின்றேன்.

நான் பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில் ஒரு பள்ளியில் கட்டொழுங்கு ஆசிரியராக இருந்தேன். கல்விச் சுற்றுலாவுக்காக ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் திரட்டிய பணத்தில் 40 வெள்ளி காணாமற்போயிற்று. அவ்வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். அதற்குச் சில மாதங்களுக்கு முன் பிறர் பென்சிலை எடுத்து அகப்பட்டுக்கொண்டவன். எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை. அவனை எழுப்பி நிறுத்தினேன். அவன் அழுதான். அழுகையைக் குற்றத்தின் அடையாளம் என்று கொண்டேன். தலைமையாசிரியரின் இசைவு பெற்று, நம் நாட்டார் 'ரோத்தான்' என்று வழங்கும் பிரம்பால் வகுப்பார் காண இரண்டு அடி கொடுத்தேன். மூன்று நாள் கழித்துப் பணம் கிடைத்தது. பணத்தை வாங்கிய ஆசிரியரே அதனை வருகைப் பதிவேட்டின் உறைக்குள் செருகி வைத்து மறந்திருந்தார்.

அன்று மாலை அச்சிறுவனைத் தனியே அழைத்து வருத்தம் தெரிவித்தேன். "பரவாயில்லை ஐயா" என்றான். பத்து, பதினொரு வயதுப் பிள்ளை வேறு என்ன கூறுவான்? தண்டித்தது நாற்பது பேர் காண. வருந்தியது நடைகூடத்தின் மூலையில், யாரும் காணாமல். இவ்வேறுபாடு அன்று என் கண்ணுக்குப் புலப்படவில்லை. பிற்காலத்தில் சிலப்பதிகாரத்தைப் பாடமாக நடத்தியபோதுதான் அது என்னை உறுத்தத் தொடங்கிற்று.

பாண்டியன் நெடுஞ்செழியன் கொடியவன் அல்லன். அரசியின் ஊடலைத் தணிக்கும் விரைவில் இருந்தான். பொற்கொல்லன் ஒருவன் கூறிய சொல்லை ஆராயாது ஏற்றான். காவலர் சிலர் கோவலனின் முகத்தைக் கண்டு, இவன் கள்வன் போலத் தோன்றவில்லையே என்று தயங்கியதையும் இளங்கோவடிகள் காட்டத் தவறவில்லை. கண்ணகியின் சிலம்பினுள் மாணிக்கப் பரல்கள், அரசியின் சிலம்பினுள் முத்துப் பரல்கள். ஒரு சிலம்பை உடைத்துப் பார்த்திருந்தால் உண்மை வெளிப்பட்டிருக்கும். அந்த ஆய்வு தண்டனைக்கு முன் நடைபெறவில்லை, பின்னரே நடைபெற்றது. அரசன் தன் பிழையை அவையோர் முன்னிலையிலேயே ஏற்று உயிர் துறந்தான். பிழை செய்ததில் நான் பாண்டியனை ஒத்தேன். பிழையை ஏற்றதில் அவனை ஒத்தேன் அல்லேன்.

தண்டனை எதற்காக?

தண்டனையின் நோக்கம் பற்றி மேலைநாட்டு மெய்யியலாரும் சட்டவியல் அறிஞரும் நெடுங்காலமாக வாதிட்டு வருகின்றனர். செருமானிய மெய்யியலறிஞர் இம்மானுவேல் காண்ட், தண்டனை என்பது குற்றத்திற்கு உரிய பதில் என்றும், அதனால் வேறு பயன் விளையுமா என்று கணக்கிடுதல் ஆகாது என்றும் 1797இல் எழுதினார். ஒரு தீவின் மக்கள் தம் சமுதாயத்தையே கலைத்துவிட்டுப் பிரிந்து செல்வதாயினும், செல்லுமுன் சிறையில் எஞ்சியுள்ள கடைசிக் கொலைஞனுக்குரிய தண்டனையை நிறைவேற்றிவிட்டே செல்லுதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. இங்கிலாந்தின் செரமி பெந்தாமோ, 1789இல் வெளியிட்ட நூலில் இதற்கு மறுதலையாகக் கூறினார். தண்டனையும் ஒரு தீமையே. அதனினும் பெரிய தீமையைத் தடுக்குமாயின் மட்டுமே அதனை ஏற்கலாம் என்றார்.

இவ்விருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டிலும் இடரும் உண்டு. பயன் ஒன்றையே நோக்கினால், குற்றமற்றவனைத் தண்டித்தும் ஊரை அச்சுறுத்தலாம் என்று ஆகிவிடும். நான் அச்சிறுவனை அடித்தபின் ஒரு வார காலம் அவ்வகுப்பில் ஓர் அழிப்பான்கூடக் காணாமற்போகவில்லை. பயனைப் பார்த்தால் அத்தண்டனை வெற்றியே பெற்றது! அதனை நீதி என்று எவரேனும் கூறுவாரா?

இச்சிக்கலை அவிழ்க்க வழி காட்டியவர் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் எச். எல். ஏ. ஹார்ட். அவர் 1959இல் ஆற்றிய உரையில் ஒரு வினாவை இரண்டாகப் பகுத்தார். தண்டனை என்னும் ஏற்பாடு ஏன் இருத்தல் வேண்டும் என்பது ஒன்று. அதனை எவர்மீது செலுத்தலாம் என்பது மற்றொன்று. முன்னதற்குச் சமுதாய நலம் விடையாகலாம். பின்னதற்கோ, குற்றம் செய்தவர்மீது மட்டுமே என்பதுதான் விடை. எவ்வளவு பெரிய நன்மை விளைவதாயினும் இரண்டாம் வினாவை முதல் வினா விழுங்கிவிடுதல் கூடாது. சட்டம் பயிலாதவரும் மனத்திற் கொள்ளத்தக்க பாகுபாடு இது.

காவலும் நம்பிக்கையும்

குற்றவியல் நீதி நீதிமன்றத்தில் தொடங்குவதில்லை. அது தெருவில், காவலர் ஒருவர் நம்மை நிறுத்தும் கணத்தில் தொடங்குகிறது. அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் எர்பர்ட் பேக்கர் 1960களில் இந்நீதிமுறைக்கு இரண்டு முகங்கள் உண்டு என்று விளக்கினார். குற்றத்தை விரைந்து அடக்குவதே முதன்மை என்பது ஒரு முகம். அங்கே வழக்குகள் தொழிற்சாலையில் பொருள் நகர்வதுபோலத் தடையின்றி நகர்தல் வேண்டும். உரிய முறை வழுவாமையே முதன்மை என்பது மற்றொரு முகம். அங்கே ஒவ்வொரு கட்டத்திலும், இவன்தான் குற்றவாளியா என்று கேட்கும் தடை ஒன்று நிற்கும். நம்மில் பலர் பிறர் பிள்ளை பிடிபடும்போது முதல் முகத்தைப் போற்றுகிறோம். நம் பிள்ளை பிடிபடும்போது இரண்டாம் முகத்தைத் தேடி ஓடுகிறோம்.

மலேசியக் கூட்டரசின் அரசியலமைப்பு இத்தடைகளைத் தன் ஐந்தாம் விதியிலேயே அமைத்துள்ளது. கைது செய்யப்பட்டவருக்குக் காரணம் அறிவித்தல் வேண்டும். அவர் தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடந்தருதல் வேண்டும். 24 மணி நேரத்திற்குள் அவரை நடுவர் முன் நிறுத்துதல் வேண்டும். அதன்பின் நடுவரின் இசைவின்றித் தடுத்து வைத்தல் கூடாது. இவற்றைக் குற்றவாளிக்குத் தரும் சலுகை என்று எண்ணுவோர் உளர். உண்மையில் இவை, யார் குற்றவாளி என்று இன்னும் தெரியாத நிலையில் நம் அனைவர்க்கும் உரிய காப்பு. கோவலனுக்கு ஒரு நாள் கிடைத்திருந்தால் கண்ணகி மற்றைச் சிலம்போடு வந்து நின்றிருப்பாள் அன்றோ?

காவலர் பணி அரிது, இடர் நிறைந்தது. நள்ளிரவில் நம் வீட்டுக் கதவு உடைக்கப்பட்டால் நாம் அழைப்பது அவர்களைத்தான். அதனாலேயே அவர்கள்மீது மக்கள் கொள்ளும் நம்பிக்கை உடையாது காக்கப்படுதல் வேண்டும். 2004ஆம் ஆண்டில் மலேசியாவில், முன்னாள் தலைமை நீதிபதி துன் முகமது சைடின் அப்துல்லா தலைமையில் அமைக்கப்பட்ட அரச விசாரணை ஆணையம் காவல்துறையை ஆராய்ந்து, 2005இல் 125 பரிந்துரைகளை முன்வைத்தது. காவலர்மீதான முறையீடுகளைக் காவல்துறைக்கு வெளியே நின்று விசாரிக்கும் தனி ஆணையம் அவற்றுள் ஒன்று. பல ஆண்டு வாதங்களுக்குப்பின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி ஓர் ஆணையம் உருவாகி, 2023 சூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. முதலில் பரிந்துரைக்கப்பட்ட அளவு அதிகாரம் அதற்கு வழங்கப்படவில்லை என்று வழக்கறிஞர்கள் குறை கூறினர். ஆயினும், காவலரையும் காத்து, காவலிலுள்ளோரையும் காக்க ஒரு மூன்றாம் கண் வேண்டும் என்னும் கொள்கை சட்டத்தில் இடம்பெற்றது சிறிய செய்தி அன்று.

மக்கள் சட்டத்திற்குக் கீழ்ப்படிவது தண்டனைக்கு அஞ்சியா, அன்றி வேறு காரணத்தாலா? தாம் டைலர் என்னும் அமெரிக்க அறிஞர் சிக்காகோ நகர மக்களிடையே ஆய்வு நிகழ்த்தி 1990இல் ஒரு நூல் வெளியிட்டார். தம்மை நேர்மையாக நடத்தினர், தம் சொல்லைச் செவிமடுத்தனர் என்று உணர்ந்த மக்களே சட்டத்தை மதிக்கின்றனர். தீர்ப்பு தமக்கு மாறாக அமைந்தாலும் முறை நேரியதாயின் ஏற்கின்றனர் என்பது அவர் முடிபு. வகுப்பறையில் நிற்கும் எவர்க்கும் இது புதிய செய்தி அன்று. மாணவன் அடியை மறந்துவிடுவான். தன் சொல்லைக் கேளாமல் அடித்ததை மறவான்.

மீட்க இயலாத தண்டனை

மிலான் நகரத்துச் சிசாரே பெக்காரியா 1764இல், தம் இருபத்தாறாம் வயதில், குற்றங்களையும் தண்டனைகளையும் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அச்சத்தால் முதலில் தம் பெயரையும் அதில் இடவில்லை. குற்றத்தைத் தடுப்பது தண்டனையின் கொடுமை அன்று. அது தப்பாது வரும் என்னும் உறுதியே என்பது அவர் காட்டிய பேருண்மை. சித்திரவதையையும் மரண தண்டனையையும் அவர் எதிர்த்தார். அந்நூலின் தாக்கத்தால் 1786இல் தஸ்கனி நாடு மரண தண்டனையைச் சட்டத்தினின்றே நீக்கிற்று.

இதனை நம் நாட்டு நடப்போடு ஒப்பிட்டுப் பார்த்தல் தகும். 1983ஆம் ஆண்டில் மலேசியாவில் போதைப்பொருள் கடத்தலுக்குக் கட்டாய மரண தண்டனை விதிக்கப்பட்டது. 15 கிராமோ அதற்கு மேலோ ஹெராயின் வைத்திருந்தவர் கடத்தல்காரர் என்றே கருதப்படுவார். அன்று என்று மெய்ப்பிக்கும் சுமை அவரையே சாரும். 'கட்டாயம்' என்னும் சொல்லில்தான் நுட்பம் உள்ளது. குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் நீதிபதி வேறு எதனையும் நிறுத்துப் பார்க்க இயலாது. பெருங்கூட்டத்தின் தலைவனும், வறுமையால் பொதியைச் சுமந்த கூலியும் அவர் முன் ஒன்றே. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் சிறிது வாயில் திறந்தது. 2023இல் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டத்தை நிறைவேற்ற, அவ்வாண்டு சூலை 4ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. ஏறத்தாழ ஆயிரம் கைதிகள் தம் தண்டனையை மறுஆய்வு செய்யுமாறு கூட்டரசு நீதிமன்றத்தை நாடும் உரிமை பெற்றனர்.

மரண தண்டனை முற்றும் நீங்கிவிடவில்லை. நீதிபதி விரும்பின் அதனை விதிக்கலாம். அன்றேல் 30 முதல் 40 ஆண்டு வரையிலான சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். ஆதலின் இதனை இரக்கத்தின் வெற்றி என்பதினும் ஆய்வின் வெற்றி என்பதே பொருந்தும். தனி மனிதனின் கதையைக் கேட்கும் உரிமை நீதிபதிக்கு மீண்டும் வழங்கப்பட்டது. கேட்டு முடிவு செய்பவனே நீதிபதி. கேளாது முடிவு செய்வது தராசும் ஆகாது, வெறும் வாளே ஆகும்.

மதிலுக்கு அப்பால்

கோலாலம்பூரில் 1895இல் கட்டி முடிக்கப்பட்ட புடுச் சிறைச்சாலையை மூத்தோர் மறந்திரார். அதன் நெடிய மதிலில் ஒரு கைதி தீட்டிய இயற்கைக் காட்சிகளைப் பேருந்திலிருந்து கண்டு வியந்தவர் பலர். 1996இல் கைதிகள் அங்கிருந்து மாற்றப்பட்டனர். 2010 முதல் மதிலும் கட்டடங்களும் இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் இன்று வணிக வளாகம் எழுந்து நிற்கிறது. மதில் போயிற்று. ஆனால் மதிலுக்கு அப்பால் உள்ளோர் நமக்கு யார் என்னும் வினா போய்விட்டதா?

அவ்வினாவை 1773இல் எழுப்பியவர் சான் ஓவர்டு. இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு மாவட்டத்து ஆட்சிப் பொறுப்பேற்ற அவர், சிறையில் ஒரு புதுமையைக் கண்டார். குற்றமற்றவர் என்று விடுதலை பெற்றவர்களும் சிறைக்காவலருக்குக் கட்டணம் செலுத்த வகையின்றி உள்ளேயே அடைபட்டுக் கிடந்தனர். காவலர்க்குச் சம்பளம் இல்லை. கட்டணமே அவர்தம் வருவாய். இக்கொடுமை மனிதரின் தீய எண்ணத்தால் விளைந்தது அன்று. ஏற்பாட்டின் கோணலால் விளைந்தது. ஓவர்டு நூற்றுக்கணக்கான சிறைகளை நேரிற் கண்டு 1777இல் தம் அறிக்கையை நூலாக வெளியிட்டார். சீர்திருத்தம் என்பது கண்ணால் காண்பதிலிருந்து தொடங்குகிறது என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இன்றைய உலகம் ஏற்றுள்ள நெறி, நெல்சன் மண்டேலா விதிகள் என வழங்குவது. 27 ஆண்டு சிறைப்பட்ட அப்பெருமகனின் பெயரால் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2015இல் அவற்றை ஏற்றது. உரிமை இழப்பே சிறைவாசத்தின் துன்பம். அதற்குமேல் துன்பத்தைச் சிறை கூட்டுதல் ஆகாது என்பது அவற்றின் அடிப்படை. தொடர்ந்து 15 நாளுக்கு மேல் தனிமைச் சிறையில் அடைத்தலையும் அவை விலக்குகின்றன.

இக்கருத்து நமக்கு அயலதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை என்றே ஒரு பகுதி உண்டு. காயசண்டிகையின் வடிவு கொண்ட மணிமேகலை, அமுதசுரபியுடன் புகார் நகரத்துச் சிறையினுள் புகுந்து, பசியால் வாடும் கைதிகட்கு உணவளிக்கிறாள். இவர் செய்த குற்றம் யாது என்று அவள் எவரையும் கேட்கவில்லை. செய்தி அறிந்த சோழ வேந்தன், யான் உனக்குச் செய்யத்தக்கது யாது என வினவ, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்கிறாள். வேந்தனும் இசைகிறான். தனக்கென ஒன்றும் வேண்டாத ஒரு துறவி, அரசனிடம் கேட்ட வரம் இது!

சிறைகளே வேண்டா என்று வாதிடும் அறிஞர்களும் இன்று உளர். அமெரிக்காவின் ஆஞ்சலா டேவிசு 2003இல் அவ்வினாவையே தலைப்பாக்கி நூல் எழுதினார். கல்விக்கும் மருத்துவத்திற்கும் வேலைக்கும் செலவிட வேண்டியதைச் சிறைக்குச் செலவிடுகிறோம் என்பது அவர் வாதம். ஏறத்தாழ 20 இலட்சம் பேரைச் சிறையில் வைத்துள்ள நாட்டில் அக்குரல் எழுந்ததில் வியப்பில்லை. ஆயினும், பிறர் உயிருக்குத் தொடர்ந்து ஊறு செய்பவனை ஊரிலிருந்து விலக்கி வைக்கும் தேவை முற்றும் நீங்கும் என்று நான் கருதவில்லை. மணிமேகலை கேட்டதும் கட்டடத்தை இடிக்க அன்று; அதன் அறத்தை மாற்றவே என்று யான் பொருள் கொள்கிறேன்.

இழந்தவர் எங்கே?

இதுகாறும் படித்தவர், குற்றவாளிக்கு இவ்வளவு பரிவா, பொருளையும் உயிரையும் இழந்தவர்க்கு யார் பரிவு காட்டுவது என்று கேட்கலாம். கேட்கவேண்டிய கேள்வியே. நார்வே நாட்டறிஞர் நீல்சு கிறிசுட்டி 1977இல் எழுதிய ஒரு கட்டுரையில் இதற்கு எதிர்பாராத விடை தந்தார். இருவர்க்கிடையே நேர்ந்த பிணக்கை அரசும் வழக்கறிஞரும் அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டனர் என்றார். இழந்தவர் தம் வழக்கிலேயே வெறும் சாட்சியாகி, ஓர் ஓரத்தில் நிற்கிறார். எதிரியை நோக்கி, ஏன் இதனைச் செய்தாய் என்று அவர் கேட்டதில்லை. எதிரியும் அவர் முகத்தைப் பார்த்து விடை கூறியதில்லை. நியூசிலாந்து 1989இல் இயற்றிய சட்டத்தின்வழி, இளங்குற்றவாளியும் அவன் குடும்பத்தாரும் இழந்தவரும் ஒன்றாக அமர்ந்து தீர்வு காணும் முறையை ஏற்படுத்திற்று. மாவோரி மக்களின் மரபிலிருந்து வலிமை பெற்ற முறை அது.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகிறது. இழந்தவர்க்குக் கிட்டும் நீதியும் இழைத்தவர்க்குக் காட்டும் நேர்மையும் ஒன்றுக்கொன்று பகை அல்ல. தவறான ஒருவனைத் தண்டித்தால் இழந்தவர்க்கும் நீதி கிட்டவில்லை. உரியவனைக் கண்டு தண்டித்தும், அவன் திருந்தும் வழியை அடைத்துவிட்டால், அவன் வெளிவரும் நாளில் மற்றொருவர் இழந்தவராவார். சிறைக்குச் சென்றவருள் மிகப் பெரும்பாலோர் ஒரு நாள் திரும்பி வருபவரே. வந்து நம் தெருவில்தான் வாழ்வர். நம்மிடம்தான் வேலை கேட்பர்.

பள்ளியில் தொடங்கும் நீதி

சட்டங்களை மாற்றும் இடத்தில் நாம் இல்லை. ஆனால் நாளை சட்டம் இயற்றுவோரும், காவலராவோரும், நடுவராவோரும், சான்றுரைப்போரும் இன்று நம் முன் அமர்ந்திருக்கின்றனர். ஐயத்திற்கும் சான்றுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் முதலில் நம் நடத்தையிலிருந்தே கற்கின்றனர். திருக்குறளின் செங்கோன்மை அதிகாரத்தை மனப்பாடம் செய்வித்துவிட்டு, அடுத்த பாடவேளையில் கேளாமல் பிரம்பெடுத்தால், அவர்கள் மனத்தில் எது பாடமாகத் தங்கும்?

அந்நிகழ்ச்சிக்குப்பின் நான் எனக்கென மூன்று கட்டுப்பாடுகளை வகுத்துக்கொண்டேன். மாணவன் தன் பக்கத்தைக் கூறி முடிக்கும்வரை தீர்ப்பு இல்லை. பழைய தவறு புதிய தவற்றுக்குச் சான்று ஆகாது. பலர் காணச் செய்த பிழையைப் பலர் காணவே திருத்துதல் வேண்டும். தலைமையாசிரியரான பின் இவற்றை என் ஆசிரியர்களிடமும் வற்புறுத்தி வருகின்றேன். மூன்றாவதுதான் மிகக் கடினமானது என்று அவர்கள் கூறுகின்றனர். ஆம், எனக்கும் அதுவே கடினமாக இருந்தது.

அச்சிறுவன் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப் பள்ளிக்குச் சென்றான். அதன்பின் அவனை நான் சந்திக்கவில்லை. இன்று அவன் நடுத்தர வயதை எட்டியிருப்பான். ஒருவேளை அவன் பிள்ளைகளே ஏதேனும் ஒரு தமிழ்ப்பள்ளியில் பயிலக்கூடும். அந்த நாற்பது பேர் முன்னிலையில் நான் கூறியிருக்க வேண்டிய சொற்கள் இன்றும் கூறப்படாமலே உள்ளன. அக்கடனை அவனிடம் செலுத்த இயலாமையால், இனி என் முன் நிற்கும் ஒவ்வொரு பிள்ளையிடமும் செலுத்த முயல்கின்றேன். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கும் ஆற்றல் வேந்தர்க்கே உண்டு. வகுப்பறை சிறைக்கோட்டம் ஆகாமற் காக்கும் ஆற்றல் நம் ஒவ்வொருவர்க்கும் உண்டு.